குவாலிட்டி சைபர்

காவேரிப்பட்டணத்துக் கடைக்காரர் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்:
தென்கிழக்கு. நல்லா அண்ணாந்து பாக்கணும்.
விரக்கடை தப்பினா வேற ஊரு.

மாதாமாதம் கேபிளுக்குக் கட்டிய பணம்
இனி டிராக்டருக்குப் போகிறது.
டிராக்டர் எங்களுடையது இல்லை.
கொழுந்தன் சென்னப்பன் வாங்கியது,
இவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டது,
எனக்குத் தெரிந்தது
பேங்க்காரர் வாசலில் வண்டியை நிறுத்தியபோது.

அன்றிலிருந்து பதினோரு நாள்.
சோறு வைத்தேன். தண்ணீர் வைத்தேன்.
சொல் வைக்கவில்லை.

மாதக் கட்டணமில்லாத டிஷ் ஒன்றை
பைக்கின் பின்னால் கட்டி எடுத்து வந்தார்.
கூரையில் போல்ட் இறங்கவில்லை.
எங்கள் பக்கத்துக் கருங்கல் பலகை,
இரண்டு டிரில் பிட்டைத் தின்றுவிட்டது.
பெயிண்ட் டப்பாவில் சிமெண்டைக் கொட்டி
நடுவில் பைப்பை நிறுத்தி
ராத்திரி முழுக்கக் காயவிட்டார்.
விடிந்து பார்த்தால்
அதில் ஒரு பூனையின் பாதம்.

மேலே ஒரு ஆள், கீழே ஒரு ஆள்.
இந்த வேலைக்கு வேறு வழி கிடையாது.
மகனுக்கு ஓசூரில் ஷிப்ட்.
பக்கத்து வீட்டு மாதம்மா மாங்கூழ் ஃபேக்டரியில்.
டிவி முன்னால் நான்.

“எவ்ளோ?”

கூரையிலிருந்து அந்தச் சொல்
ஜன்னல் வழியாக இறங்கி
என் எதிரில் வந்து நின்றது.

திரையில் இரண்டு கோடு.
மேலே ஸ்ட்ரெங்த், எண்பத்தி நாலு.
கீழே குவாலிட்டி.

பதினோரு நாள் கழித்து
அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை
“சைபர்.”

“மேல் கோடு காட்டுதில்ல?”
“காட்டுது.”
“அப்ப ஒயரு சரிதான். தெசதான் சேரல.”

சிரிப்பு வந்தது, கடித்துக்கொண்டேன்.
இருபத்தி மூணு வருஷமாக
ஒயர் சரியாகத்தான் இருக்கிறது.

“இப்ப?”
சைபர்.
“இப்ப?”
சைபர்.
புளியமரம் மறைக்கிறதென்று
டப்பாவைத் தண்ணித் தொட்டிப் பக்கம் இழுத்தார்.
கல்லில் தகரம் தேயும் சத்தம்
என் பல்லுக்குள் கேட்டது.

மணி பன்னிரண்டு.
வைகாசி வெயிலில் அந்தக் கல்லில்
ராகி போட்டால் ஒரே பகலில் காய்ந்துவிடும்.
ஏணி வழுக்குமென்று
செருப்பைக் கீழேயே விட்டுப் போயிருந்தார்.
கால் மாற்றிக் கால் வைப்பது
என் தலைக்கு மேலே கேட்கிறது.

அப்போது வந்தது.
ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று.
கீழ்க்கோடு பச்சையாகி
யாரோ ஒருவர் வயலில் நின்றுகொண்டு
சொட்டுநீர்ப் பாசனத்தை விளக்கத் தொடங்கினார்.

“இப்ப?”

சவுண்டைக் குறைத்தேன்.
“சைபர்.”

டிஷ் நகர்ந்தது.
வயல்காரர் கட்டம் கட்டமாக உடைந்துபோனார்.

மூன்று தடவை
அந்த இடத்தைத் தாண்டிப் போனார்.
மூன்று தடவையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
ஒன்று டிராக்டருக்கு.
ஒன்று கையெழுத்துக்கு.
மூன்றாவது எதற்கென்று யோசிப்பதற்குள்
மேலே சத்தம் நின்றுவிட்டது.

“என்னங்க?”

பதிலில்லை.
ஏணியில் நாலு படி ஏறிப் பார்த்தேன்.
தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தார்,
மடியில் ஸ்பானர்,
உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தபடி.

“உன்னக் கேட்டிருந்தா வேணான்னு சொல்லியிருப்ப,”
என்றார், டிஷ்ஷிடம் சொல்வதுபோல.
“அதான் கேக்கல.”

மன்னிப்பு இல்லை அது. உண்மை.
இரண்டும் வேறு வேறு கோடு.

இறங்கிப் போய்
செருப்பை எடுத்து மேலே எறிந்தேன்.
ஒன்று தொட்டிமேல் விழுந்தது.
டிவி முன் வந்து உட்கார்ந்தேன்.

“கெழக்கால கொஞ்சம். இன்னும். நில்லுங்க.
எழுபத்தொன்னு.”

நட்டை இறுக்கினார்.
இறுக்க இறுக்க இறங்கி
அறுபத்தாறில் நின்றது.
“போதும், விடுங்க,” என்றேன்.

ராத்திரி ராயக்கோட்டைப் பக்கமிருந்து
கோடை மழை.
படம் உறைந்தது, அசைந்தது, போயே போனது.
யாரும் எழுந்திருக்கவில்லை.

இருட்டில் படுத்துக்கொண்டு கேட்டார்:
“சொட்டுநீருன்னு ஒருத்தன் பேசினானே,
நாத்து நடச் சொன்னானா, வேணான்னானா?”

நான் மூச்சுவிடவில்லை.

“மொதத் தடவயே கேட்டுச்சு எனக்கு,” என்றார்,
போர்வையை இழுத்துக்கொண்டு.